தாமிரபரணியில் ஒரு குளியல், பாலாற்றில் ஒரு கணக்கு

நம் இதழில் பயணக் கட்டுரைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊர் சுற்றப் போய், குளித்து, சாப்பிட்டுத் திரும்பியதில் உழவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் போய்வந்ததிலிருந்து ஒரு கணக்கு என் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுதான் உட்கார்ந்தேன்.

காஞ்சிபுரம் வட்டாரத்து இயற்கை உழவர்கள் நாங்கள் பதினோரு பேர், ஆனி மாதக் கடைசியில் பாபநாசம் போனோம். ஆடியில் நாற்று விட்டுவிட்டால் அப்புறம் தை வரைக்கும் வயலை விட்டு நகர முடியாது. அதற்கு முன்னால் ஒரு வற்றாத ஆற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவோம் என்பதுதான் திட்டம். பாலாற்றங்கரையில் உழுகிற எங்களுக்கு, ஓடுகிற ஆறே ஒரு சுற்றுலாத்தலம்தான்! செங்கல்பட்டில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம். காலையில் திருநெல்வேலி. அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்.

படித்துறையில் துணி

கிளம்புவதற்கு முதல் நாள் என் அக்கா ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தாள். உள்ளே மாமாவின் ஜரிகை வேட்டி. மாமா காலமாகி அப்போது எட்டு மாதம். "பாபநாசத்துல ஆத்தோட விட்டுட்டு வாடா தம்பி. அவருக்கு நல்லதுன்னு ஐயர் சொன்னாரு" என்றாள். மறுக்க மனசு வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாபநாசம் கோவில் படித்துறையில் இறங்கியபோது மீன்கள் கூட்டமாக வந்தன. பொரி வாங்கிப் போட்டால் கைக்கே வந்துவிடும் போலிருந்தது. தண்ணீரில் இரண்டு படி இறங்கினேன். காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. குனிந்து இழுத்தால் புடவை. அதற்குக் கீழே ஒரு சட்டை, லுங்கி, இன்னொரு புடவை. எல்லாம் யாரோ யாருக்காகவோ விட்டுப்போன துணிகள். அவ்வப்போது ஆட்களை இறக்கித் துணிகளை அள்ளி எடுக்கிறார்களாம். அள்ள அள்ளச் சேர்ந்துகொண்டே இருக்கிறதாம்.

படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டார். "விடப் போறியளா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "முன்னெல்லாம் பருத்தி. ஒரு மழைக்கு மக்கிப் போவும். இப்பம் பாலியெஸ்டர்லா! மீனுக்கும் ஆவாது, மண்ணுக்கும் ஆவாது" என்றார்.

வேட்டியைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

செக்போஸ்ட்டில் சோப்பு

பாபநாசத்துக்கு மேலே போனால் வனத்துறை செக்போஸ்ட். அதற்குள்தான் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். எங்கள் வேனை நிறுத்தி எல்லாப் பைகளையும் திறக்கச் சொன்னார்கள். சோப்பு, ஷாம்பு பாக்கெட், எண்ணெய், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே வந்தன. எங்களோடு வந்த நண்பர் ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருடம் தறி நெய்தவர். இப்போது ஓரிக்கைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கரில் தூயமல்லி போடுகிறார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "குளிக்கத்தானேப்பா போறோம்? சோப்பு இல்லாம என்னா குளியல்? என்னா மேனேஜர் சார், நீங்க கேளுங்க சார்!" என்று என்னை முன்னால் தள்ளினார்.

நானும் கேட்டேன். அந்த வனக்காப்பாளருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. பொறுமையாகச் சொன்னார்: "நல்லாக் குளிங்க சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் குளிங்க. சோப்பு மட்டும் வேண்டாம். கீழே நாலு ஜில்லா இதைத்தான் குடிக்குது."

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் என்று அவர் விரல் விட்டு எண்ணியபோது நான் வாயை மூடிக்கொண்டேன். வயலில் ரசாயனம் கூடாது என்று மேடை போட்டுப் பேசுகிற நாங்கள், ஒரு ஆற்றின் தலைமாட்டில் சோப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

சும்மா விட்டுவைத்த ஆறு

அகத்தியர் அருவியில் குளித்தோம். பிறகு மேலே சொரிமுத்து அய்யனார் கோவில் வரை போய், ஆற்றங்கரையில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். அந்தத் தண்ணீரை எப்படிச் சொல்வது? இடுப்பளவு ஆழத்தில் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். கரையில் நீர்மருது, நாவல், புங்கன். வேர்கள் கரையை விரல்களால் பிடித்ததுபோல் பிடித்திருந்தன. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தண்ணீர் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. நெசவாளி நண்பர் அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை. சோப்பைப் பற்றி அப்புறம் அவர் பேசவும் இல்லை.

தாமிரபரணி 130 கிலோமீட்டர்கூட நீளமில்லாத ஆறு. எங்கள் பாலாறு 348 கிலோமீட்டர். கர்நாடகாவில் 93, ஆந்திராவில் 33, மிச்சம் 222 தமிழ்நாட்டில். நீளத்தில் பாதிகூட இல்லாத ஆறு வருடம் முழுவதும் ஓடுகிறது, நம்முடையது காய்ந்து கிடக்கிறது. ஏன்?

ஒரு காரணம் மழை. பொதிகை மலைக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. பாலாற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மழை மட்டும் காரணமில்லை. பெய்த மழையைப் பிடித்துவைக்க மேலே ஒரு காடு இருக்கிறது. பசுமைமாறாக் காட்டில் மழை நேராகத் தரையில் விழுவதில்லை. இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, ஒரு சாண் தடிமனுக்கு மக்கிக் கிடக்கிற சருகில் இறங்கி, அப்புறம் மண்ணுக்குள் போகிறது. நாம் வயலில் மூடாக்கு போட்டுச் செய்கிற வேலையை அந்தக் காடு மலை அளவில் செய்கிறது. மழை நின்று பல வாரம் கழித்தும் அந்தத் தண்ணீர் ஓடையாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

இந்தக் காடு தானாகத் தப்பிக்கவில்லை. முண்டந்துறை 1962லும் களக்காடு 1976லும் சரணாலயங்கள் ஆயின. 1988ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். புலிக்காகக் காத்த காட்டில் ஆறும் பிழைத்துக்கொண்டது. ஏற்கெனவே காரையாறு, சேர்வலாறு அணைகள் அதற்குள் இருக்கின்றன. அதனால் இது முழுக்கக் கைபடாத ஆறு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அணைகளுக்கு மேலே இருக்கிற நீர்ப்பிடிப்பு மலையை யாரும் மொட்டையடிக்கவில்லை. அதுதான் விஷயம்.

அமெரிக்காவில் ஆறுகளுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1968 அக்டோபர் 2ஆம் தேதி, நம் காந்தி பிறந்தநாளில், கையெழுத்தானது. முதலில் எட்டு ஆறுகளைத் தேர்ந்தெடுத்து, இவற்றை ஓடுகிறபடி ஓடவிடுவது என்று முடிவு செய்தார்கள். மக்கள் போகலாம், படகு விடலாம், மீன் பிடிக்கலாம். ஆற்றின் போக்கை மட்டும் மாற்றக் கூடாது. நம்மிடம் காட்டுக்குச் சட்டம் இருக்கிறது. அந்தக் காட்டுக்குள் ஓடுகிற ஆறு புண்ணியம் செய்தது. காட்டை விட்டு வெளியே ஓடுகிற ஆறு அநாதை.

எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய்

காட்டைப் பூட்டிவைத்தால் உழவனுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் மறுநாள் போனோம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று இந்தச் சின்ன ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ளது 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்னால் நம் ஆட்கள் கட்டியவை. எட்டிலிருந்தும் பதினோரு கால்வாய்கள், 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம். ஒரு பசு நடந்துபோன வழியிலேயே கன்னடியன் கால்வாயை வெட்டினார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள்.

கார் பருவத்துக்கு நடவு நடந்துகொண்டிருந்தது. அம்பை 16 நெல்தான் அதிகம். பாரம்பரிய நெல் போடுகிற உழவர் ஒருவர் எங்களை வரப்பில் உட்கார வைத்துப் பதநீர் கொடுத்தார். காட்டில் வைத்திருக்கிற கெடுபிடி பற்றிக் கேட்டேன்.

"எங்களுக்கும் ஆதங்கம் உண்டு அண்ணாச்சி. சின்னப் புள்ளையில பாணதீர்த்தத்துல போய்க் குளிச்சவங்க நாங்க. காரையாறு அணையில படகு ஏறிப் போவோம். இப்பம் அங்க குளிக்க விட மாட்டாங்க. ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோட வாரக்கணக்குல கோவில்ல தங்குவோம். அதுலயும் கெடுபிடி. ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. மேல மூடி வச்சிருக்கிறதுனாலதான் கீழ மடை திறக்குது."

அவர் இன்னொன்றும் சொன்னார். ஆறு மேலே சுத்தமாக வருகிறது, திருநெல்வேலி டவுனைத் தாண்டும்போது சாக்கடையும் சேர்ந்துகொள்கிறது. கடைமடை உழவர்களுக்குக் கிடைப்பது இந்தத் தண்ணீர்தான். தலைமாட்டைக் காத்தால் மட்டும் போதாது.

இந்தக் காவலுக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதையும் பேச வேண்டும். அதே மலையில் மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த காடு அது. குத்தகை 2028ல் முடிகிறது. காடு திரும்புவது ஆற்றுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் நாலு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்கள் எங்கே போவார்கள்? காணி மக்கள் அந்தக் காட்டிலேயே மரவள்ளியும் மிளகும் வைத்து வாழ்கிறார்கள். அவர்கள் காட்டை அழித்ததில்லை. சுற்றுலாக்காரன் கையில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இது கடினமான கேள்வி. கீழே தண்ணீர் பாய்ச்சுகிற நாமும் இதற்குப் பதில் தேட வேண்டியவர்கள்தான்.

இரண்டு லெட்ஜர்

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோவில் மூலவர் மண் லிங்கம். காமாட்சியம்மன் மணலால் லிங்கம் பிடித்துப் பூஜை செய்தபோது ஆறு பெருகி வந்தது, மணல் கரைந்துவிடக் கூடாதென்று அம்பாள் அதைக் கட்டித் தழுவிக்கொண்டாள் என்பது தலபுராணம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான், பாலாற்று மணலை லாரி ஏற்றி அனுப்பியவர்களில் ஒருவன்.

மண்வெட்டி எடுத்து அள்ளவில்லை. கையெழுத்துப் போட்டேன். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் நான் கிளை மேலாளராக இருந்த காலத்தில் டிப்பர் லாரிக் கடன் என்றால் நல்ல கடன். தவணை தவறாது. மேலிடத்தில் கொடுத்த இலக்கை எட்ட அதைவிடச் சுலபமான வழி கிடையாது. பதினேழு வண்டிக்குக் கொடுத்தேன். ஒரு விண்ணப்பத்தில், ஆறு பக்கத்திலேயே இருப்பதால் தொழிலுக்குக் குறைவிருக்காது என்று என் கையாலேயே எழுதியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அரசு அனுமதித்த குவாரி, சட்டப்படி கடன். எந்தத் தப்பும் இல்லை.

அதே கிளையில் இன்னொரு லெட்ஜர் இருந்தது. கிணறு ஆழப்படுத்தக் கடன், போர் போடக் கடன், பெரிய மோட்டார் வாங்கக் கடன். அந்தக் கடன்களும் வருடா வருடம் கூடிக்கொண்டே போயின. விவசாயம் வளர்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஒரே ஆற்றங்கரை, ஒரே மேஜை. இந்த லெட்ஜர் ஓடுவதால்தான் அந்த லெட்ஜரும் ஓடுகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. சொரிமுத்து அய்யனார் கோவில் கரையில், அடி தெரிகிற தண்ணீரில் நின்றபோதுதான் உறைத்தது.

பாலாறு எப்போதுமே வருடம் முழுக்க மேலே ஓடிய ஆறு கிடையாது. அது மணலுக்குள் ஓடிய ஆறு. எங்கள் தாத்தா காலத்தில் ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டுவார்கள். மணலுக்குள் ஓடுகிற நீர் அந்தக் காலில் ஊறி வந்து, தானாகச் சரிந்து ஓடி வயலுக்குப் பாயும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஊர் கூடி வருடத்துக்கு ஒருமுறை தூர் எடுத்தால் போதும். மணலை அள்ள அள்ளப் படுகை கீழே இறங்கியது. நீர்மட்டமும் கூடவே இறங்கியது. ஊற்றுக்கால்களின் வாய் மேட்டில் நின்றுவிட்டது. போர் மேல் போர் போட்டு மிச்சத்தையும் உறிஞ்சினோம். மேலே வேலூர்ப் பக்கம் தோல் கழிவு ஆற்றைக் கெடுத்த கதை தனி. 1996ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த விஷயம் அது.

வங்கிக்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு யூனிட் லாரி என்றால் 200 கன அடி. சுமார் 5,600 லிட்டர் கொள்ளளவு. ஆற்று மணலில் கால் பங்கு, தண்ணீர் தங்கிப் பிறகு வெளியே வரக்கூடிய இடம் என்று வையுங்கள். ஒரு லோடு மணல் போனால் 1,400 லிட்டர் தண்ணீர் தங்குகிற தொட்டி போகிறது. அதுவும் ஒரு தடவை நிரம்புகிற தொட்டி இல்லை. ஆறு வரும்போதெல்லாம் நிரம்பும். வெயிலில் ஆவியாகாது. யாரும் போடாமல் தானாக வந்து விழுகிற வைப்புநிதி. நாம் வட்டியை எடுத்துச் சாப்பிட்டிருக்கலாம். முதலையே லாரியில் ஏற்றினோம். பதினேழு வண்டி, ஒரு நாளைக்கு எத்தனை நடை, எத்தனை வருடம்? அந்தப் பெருக்கலை நான் இன்னும் முடிக்கவில்லை. முடிக்கப் பயமாக இருக்கிறது.

2021 நவம்பரில் பாலாறு இருகரை தொட்டு வந்தது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. எங்கள் குழுவின் கிணறுகளில் அப்போது ஒன்றைக் கவனித்தோம். எதிரே படுகையில் மணல் மிச்சமிருந்த இடத்துக் கிணறுகளில் அடுத்த ஆடி வரை தண்ணீர் நின்றது. மணல் போய்க் களிமண் தெரிந்த இடத்துக் கிணறுகள் சித்திரையிலேயே இறங்கிவிட்டன. வந்தது ஒரே வெள்ளம்தான்.

திரும்பி வந்து செய்தவை

பெரிதாக ஒன்றும் இல்லை. பதினோரு பேர் கிணற்றிலும் ஒவ்வொரு அமாவாசைக்கும் கயிறு விட்டு நீர்மட்டம் அளக்கிறோம். ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதுகிறோம். கையில் அளவு இருந்தால்தான் கிராமசபையில் பேச முடியும். எங்கள் பக்கத்துப் படுகையில் மணல் எடுக்கப் பேச்சு வந்தால் அந்த நோட்டோடு போய் நிற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கரையோர வரப்புகளில் நீர்மருதும் புங்கனும் நட்டிருக்கிறோம். தூர்ந்துபோன ஊற்றுக்கால் ஒன்றின் தடத்தை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு அடையாளம் கண்டிருக்கிறோம். தண்ணீர் வருமா தெரியாது. தடம் பட்டா நிலமாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நெசவாளி நண்பர் ஒருநாள் என்னைக் கேட்டார்: "அந்தக் கடனைக் கொடுக்காம இருந்திருந்தா வேற பேங்க்ல வாங்கியிருப்பான். நீங்க என்னா சார் பண்ணியிருக்க முடியும்?" உண்மைதான். ஆனால் நான் கேட்டிருக்கலாம். இரண்டு லெட்ஜரையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

மாமாவின் வேட்டியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் என்னோடு வயலுக்கு வந்தாள். அவர் நட்ட எலுமிச்சையின் வேரடியில், மூடாக்குக்குக் கீழே சேர்ந்து புதைத்தோம். தை மாதம் கிளறிப் பார்த்தபோது பருத்தி முழுக்க மக்கியிருந்தது. ஜரிகை இழை மட்டும் மண்ணில் மினுங்கியது. அக்கா அதைப் பொறுக்கி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

போக விரும்பும் நண்பர்களுக்கு

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையால் அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும். ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. வெள்ளம் கூடினால் வனத்துறை வழியை அடைத்துவிடும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். சாப்பாட்டை வாழை இலையில் கட்டிக்கொண்டு போங்கள். இலையைக்கூட அங்கே போடாமல் கொண்டுவந்து உங்கள் எருக்குழியில் போடுங்கள். சோப்பு வேண்டாம். பரிகாரத் துணி வேண்டாம். திரும்பும் வழியில் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடந்து, அங்குள்ள உழவர்களோடு பேசிவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஊர் ஆற்றுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஒரு கயிறும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.